கூடம் கோணலாதலும் உண்டு

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. ஆசிரியத் தொழிலில் இதனை எத்துணை முறை எடுத்தாண்டோம் என்று யாம் கணக்கிட்டதில்லை. எழுதுகோல் ஓடவில்லை என்று சொன்ன மாணவனுக்கும், வினா விளங்கவில்லை என்று சொன்ன மாணவனுக்கும், வாங்கின் கால் ஆடுகின்றது என்று சொன்ன மாணவனுக்கும் யாம் அளித்த விடை இவ்வொன்றே. அஃது எமக்குக் கைகண்ட மருந்தாயிருந்தது. அம்மருந்து ஒருநாள் பிழைத்தது. அவ்வாறு பிழைத்த கதையை விழா மலரில் எழுதுதல் பொருந்துமோ என முதலில் ஐயுற்றோம். ஆயினும், பழைய மாணவர் அன்போடு அனுப்பிய ஒரு பொருளைச் சுற்றி நடந்த கதையாதலின், அவர்கள் விரும்பிப் படிக்கும் ஏட்டிலே அதனைச் சொல்வதுதான் முறை என்று துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் பழைய மாணவர் சிலர், தம் கல்லூரிப் பிள்ளைகளும் டென்னிஸ் ஆட்டம் பயில வேண்டும் என்னும் விருப்பினால், தாம் ஆடிய மட்டைகளை ஒரு பெட்டியில் இட்டு அனுப்பினர். அவற்றுட் சில, நான்கு மூலையிலும் திருகாணி பூட்டிய அழுத்துசட்டத்துள் இருந்த மர மட்டைகள். வேறு சில, 1980ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த, தலை சிறுத்த காபன் நார் மட்டைகள். ஒவ்வொன்றும் ஒருவர் தம் இளமையிற் போற்றி வைத்தது என்பது பிடியில் சுற்றிய தோலின் தேய்வைக் கண்டாலே தெரிந்தது. கழகமொன்றின் பழைய செம்மண் களத்தில் வாரத்துக்கு இரண்டு மாலை இடமுங் கிடைத்தது. பொறுப்பேற்பார் பிறர் இன்மையால், தமிழ் கற்பிக்கும் யாமே அப்பொறுப்பை ஏற்றோம்.

வந்த மாணவருள் ஒருவன் இரத்தோட்டைக்கு மேலுள்ள தோட்டமொன்றிலிருந்து வருபவன். பத்தாந் தரத்திற் படித்தவன். கிரிக்கெட் ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே நின்று பந்தை எறிந்தால், நிலந்தொடாமல் விக்கெட் காப்பாளர் கையிற் சேர்ப்பான். அத்தகைய தோள் படைத்தவன் மூன்று வாரம் முயன்றும் பந்தை வலைக்கு அப்பாற் செலுத்த இயலாது இடர்ப்பட்டான். ஒருநாள் எம்மிடம் வந்து, “சேர், இந்த மட்டை செத்துப்போச்சுங்க, பந்து போகவே மாட்டேங்குது” என்றான். யாம் வழக்கமான பழமொழியைச் சொன்னோம். எல்லோரும் சிரித்தனர், அவனும் சிரித்தான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவன் வாராத மாலையில் அம்மட்டையை யாமே எடுத்து ஆடிப் பார்த்தோம். எம் கைக்கும் பந்து போகவில்லை. நாற்பது கடந்த கையின் குற்றமென்று முதலில் நினைத்தோம். பின்னர், நல்ல தோளுடைய சிறுவனுக்கும் தோள் தளர்ந்த எமக்கும் ஒரே குறை நேர்ந்ததெனில், குறை இருவரிடத்தும் இல்லாமல் மூன்றாவதொன்றன்பால் இருத்தல் கூடாதோ என்னும் எண்ணம் எழுந்தது. பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரை நாடினோம். அவர் எம்மை உட்காரவைத்துக் கற்பித்தவற்றையும், பின்னர் யாம் படித்தறிந்தவற்றையும் ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

இவ்விடத்தில் தமிழாசிரியராகிய எமக்கு ஒரு நாணமும் உண்டு. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், சீவகன் தன்முன் கொணர்ந்த யாழ்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கின்றான். ஒன்றன் மரம் நீரில் நின்றது என்கின்றான். மற்றொன்றன் மரம் இடியுண்டது என்கின்றான். நரம்பிலும் குற்றங் காண்கின்றான். குற்றமற்ற யாழ் கிடைத்த பின்னரே வாசிக்கின்றான். அவனை நோக்கி எவரும் கூடங்கோணற் பழமொழி சொல்லிற்றிலர். கருவியின் குற்றமறிதல் கலைஞனின் புலமையுள் ஒன்றென்றே கொண்டனர். யாழுக்கும் மரமும் நரம்பும். மட்டைக்கும் மரமும் நரம்பும். காப்பியத்தில் யாம் வியந்து விளக்கிய ஆராய்ச்சியையே களத்தில் ஒரு சிறுவன் செய்தபோது நகைத்தோம்.

ஆராய்ந்து பார்த்தவிடத்து, ‘செத்த மட்டை’ என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு குறைகள் அடங்கியிருத்தல் தெரிந்தது. பந்து போகவில்லை என்பது ஒன்று. மட்டை நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பது மற்றொன்று. கைக்கு உயிர்ப்பு எட்டவில்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு; மருந்தும் வேறு.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். டென்னிஸ் பந்து துள்ளும் பொருளாகத் தோன்றினும், பெற்ற சக்தியில் ஏறக்குறையப் பாதியை விழுங்கிவிடும் பொருளே அது. 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து வன்மையான தரையில் விட்டால், பந்து 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழவேண்டும் என்பது ஆட்ட விதி. அஃதாவது, நசுங்கி நிமிர்வதற்குள் பந்து நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட சக்தியை இழந்துவிடுகின்றது. நரம்போ அவ்வாறன்று, தான் பெற்றதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திருப்பிக் கொடுக்கும் நாணயம் உடையது. ஆகவே, மோதும் வேளையில் நரம்பு நன்கு வளைந்து கொடுத்தால், பந்து நசுங்குவது குறையும், இழப்பும் குறையும், பந்து விரைந்து செல்லும். நரம்பு இறுகிப் பலகைபோல் நின்றால், நசுங்கும் வேலை முழுதும் பந்தின் தலையில் விழும்.

இதனை அறியாமையால் யாம் ஒரு தவறு செய்தோம். மட்டை செத்துவிட்டது என்ற பேச்சு எழுந்தவுடன், நரம்பு தளர்ந்ததே காரணமென்று முடிவு கட்டி, ஒரு மட்டையை நகருக்கு அனுப்பி, இயன்ற மட்டும் இறுக்கிக் கட்டித் தருமாறு கேட்டோம். கட்டியவர் கேட்டபடியே கட்டினார், பிழை எம்முடையது. மத்தளத்தை இறுக்கினால் ஓசை எழுவது போல் மட்டையை இறுக்கினால் விசை எழும் என்பது எம் கணக்கு. திரும்பி வந்த மட்டை முன்னிலும் கல்லாயிருந்தது. இறுக்கினால் பந்தின் போக்கு ஆடுவோனுக்கு அடங்கும். தளர்த்தினால் விசை மிகும். பலரும் நம்புவதற்கு நேர்மாறாயினும் உண்மை இதுவே.

நரம்புக்கு அடுத்தது சட்டம். பழைய மட்டைகளின் சட்டம், மரமாயினும் ஆரம்பக் காலத்துக் காபன் நாராயினும், அடி பட்டவுடன் சற்றே பின்னோக்கி வளையும். வளைந்தது நிமிருமே, நிமிரும்போது பந்தைத் தள்ளாதோ எனின், தள்ளாது. பந்து நரம்பின்மேல் தங்குவது ஒரு செக்கனை ஆயிரங் கூறாக்கினால் அவற்றுள் ஏறக்குறைய ஐந்து கூறு நேரமே. அதற்குள் பந்து பறந்துவிடும். சட்டம் நிமிர்வதோ அதன் பின்னர். விருந்தினர் வண்டியேறிப் போனபின் வெற்றிலைத் தட்டோடு வாசலுக்கு ஓடி வருபவர் போல, சட்டம் கொடுக்க வந்த சக்தியைப் பெறுவதற்குப் பந்து அங்கில்லை. அச்சக்தி அதிர்வாகிக் கையில் முடிகின்றது. விறைப்பான சட்டம் வளைவது குறைவு. ஆதலின் இழப்பும் குறைவு. இக்காலத்து மட்டைகள் விசை மிக்கனவாய்த் தோன்றுவதற்கு இஃதொரு முதன்மைக் காரணம்.

மூன்றாவது தலையின் அளவு. மர மட்டையின் தலை ஏறக்குறைய 65 முதல் 70 சதுர அங்குலம். பெட்டியில் வந்த காபன் நார் மட்டைகளின் தலை 85 சதுர அங்குலம். இன்று பலரும் ஆடுவது 100 சதுர அங்குலத்தை ஒட்டியது. சிறு தலையில், நடுவை விட்டு இரண்டு விரற்கிடை விலகிப் பட்ட பந்தும் மட்டையைக் கைக்குள் திருகிவிடும். திருகுதற்குச் செலவான சக்தி பந்துக்குக் கிடையாது. நாள்தோறும் ஆடுபவன் பத்துக்கு ஒன்பது பந்தை நடுவிற் பெறுவான். மூன்று வாரம் பயின்றவன் எத்தனை பெறுவான்?

இனி இரண்டாவது குறையாகிய மந்தம். மர மட்டையின் நிறை 370 முதல் 400 கிராம் வரை. இன்று பத்தாந் தரத்துப் பிள்ளைக்குத் தகுந்ததென்று கொடுப்பது பெரும்பாலும் 250 முதல் 300 கிராம். எனினும் நிறை மட்டுமே காரணமன்று. நிறை எங்கே இருக்கின்றது என்பதே பெரிது. பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்த ஈயத்துண்டையே இரண்டு சாண் தூரத்தில் வைத்தால், சுழற்றுவோனுக்கு அது காட்டும் எதிர்ப்பு இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. சடத்துவத் திருப்பம் என்று பௌதிகவியலார் கூறுவது இதனையே. நம் மாணவரின் தந்தையர் தோட்டத்தில் பிடிக்கும் கவ்வாத்துக் கத்தியை நினைத்துக்கொள்க. பழகிய கைக்கு அக்கத்தியின் பாரமே துணை. ஓங்கிவிட்டால் மீதியைக் கத்தி பார்த்துக்கொள்ளும். பழகாத கைக்கோ, அதனை ஓங்குவதற்குள்ளேயே வலிமையெல்லாம் செலவாகிவிடும். கனத்த மட்டையும் அவ்வாறே. முன்கூட்டியே எடுத்து, நீண்ட வீச்சாக வீசுபவனுக்கு அதன் திணிவு பந்தை ஊடுருவிச் செல்லும் பெருந்துணை. பந்து வந்தபின் அவசரமாய்த் திருப்புபவனுக்கு அது வந்து சேரவே சேராது.

மூன்றாவது குறை உணர்ச்சியைப் பற்றியது. வளையும் சட்டத்தின் அதிர்வு மெதுவானது. விறைத்த சட்டத்தின் அதிர்வு விரைவானது. முன்னது கைக்கு ‘தொம்’ என்றும், பின்னது ‘டங்’ என்றும் படும். காதும் கையும் சேர்ந்தே பந்தடியை எடைபோடுதலால், மந்தமான ஓசை கேட்டவுடன் மட்டை செத்தது என்று மனம் தீர்ப்பளிக்கின்றது. போதாக்குறைக்கு, நரம்பு பழையதாயின் தன் இழுவிசையை இழந்து, விலகிய இழை தன் இடத்துக்கு மீளாமற் கிடக்கும். ஆடாமல் அலமாரியில் இருந்தாலும் நரம்பு தளரும் என்பதை அன்பளிப்போர் பலர் அறியார். நம் மாத்தளை மாவட்டமோ, இரத்தோட்டை, எல்கடுவை மலைப்பக்கம் ஈரமும், நாலந்தை கடந்து தம்புள்ளையை நோக்கிச் செல்லின் உலர்வுமாய் மாறி நிற்பது. ஈரத்தில் மரம் முறுகும். அதனைத் தடுப்பதற்கே அழுத்துசட்டம். மாட்டுக்குடலிலிருந்து திரிக்கும் பழைய நரம்புக்கும் ஈரம் பகை. அது வேண்டாதார்க்கு நைலோன் நரம்பு உண்டு; மென்மையும் உண்டு, விலையும் குறைவு.

இவையெல்லாம் உண்மையாயின், முன்னோர் இம்மட்டைகளாலன்றோ உலகை வென்றனர் என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. ஜோன் மக்கென்றோ 1981இல் விம்பிள்டன் பட்டம் பெற்றது மர மட்டையால். பியோன் போர்க் 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டனை வென்றதும் மர மட்டையாலேயே. அதுவும் 80 இறாத்தலை ஒட்டி இறுக்கிய நரம்போடு. பீற் சாம்பிராஸ் 1990 முதல் 2002 வரை வென்ற பதினான்கு பெரும் பட்டங்களும் 85 சதுர அங்குலத் தலையுடைய கனத்த மட்டைக்கு உரியன. நம் தமிழ்மகன் இராமநாதன் கிருஷ்ணன், தந்தையிடம் ஆட்டம் பயின்று, 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆடவர் அரையிறுதி வரை சென்றதும் மர மட்டை ஏந்தித்தான். அவ்விரண்டு ஆண்டும் அவரை வென்றவரே பட்டத்தையும் பெற்றனர்.

கிருஷ்ணனின் ஆட்டம் வல்லடிக்குப் பேர்போனதன்று. எதிரி அனுப்பிய விசையையே வாங்கி, திசையை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பும் நுட்பம் அவருடையது. விசை குறைந்த மட்டை அத்தகைய கைக்கு அருமைத் துணை. இட்ட இடத்தில் பந்தை வைக்கும். சாம்பிராஸ் போன்றார்க்கோ வலிமை தோளிலேயே நிறைந்திருந்தது; மட்டையும் தன் பங்குக்கு விசை கூட்டியிருந்தால் பந்து களத்துக்கு வெளியே போயிருக்கும். எனவே, விசைக் குறைவு அம்மட்டையின் பிழையன்று. அதன் நோக்கமே அது. வலிமையை நீ கொண்டு வா, திசையை யான் காக்கின்றேன் என்பது அதன் ஒப்பந்தம். கொண்டு வருவதற்கு இன்னும் ஒன்றும் இல்லாத பிள்ளையிடம் அவ்வொப்பந்தத்தை நீட்டுதல் முறையோ என்பதே எம் வினா.

அன்றியும், பெருவீரரும் கருவியை மாற்றிக்கொள்ள நாணியதில்லை, நாணியவர் துன்புற்றனர். ஓய்வுபெற்றிருந்த போர்க் 1991இல் மொன்ரே கார்லோவில் மீண்டும் களமிறங்கியபோது, பிறரெல்லாம் காபன் நாருக்கு மாறிவிட்டிருக்க, தாம் மட்டும் பழைய மர மட்டையோடு வந்தார். முதல் ஆட்டத்திலேயே நேர் செற்களில் தோற்றார். ரொஜர் பெடரர் நெடுங்காலம் 90 சதுர அங்குலத் தலையால் ஆடியவர். 2014இல் 97க்கு மாறினார். 2017இலும் 2018இலும் மீண்டும் பெரும் பட்டங்கள் பெற்றார். பதினேழு பெரும் பட்டம் வென்ற பின்னரும் கூடத்தின் கோணலை ஆராய்ந்தார் அவர்.

இன்னும் ஒருவர் கதையைச் சொல்லாமல் விடல் ஆகாது. பனிச்சறுக்குப் பலகை செய்து பெயர்பெற்ற ஹவார்ட் ஹெட் என்னும் அமெரிக்கர், தம் தொழிலை விற்று ஓய்ந்தபின் டென்னிஸ் பயிலத் தொடங்கினார். ஆட்டம் வரவில்லை. மட்டை கைக்குள் திருகுகின்றதே என்று குறைப்பட்டார். நம் வகுப்பில் இருந்திருப்பின் பழமொழி கேட்டு அடங்கியிருப்பார். அவரோ திருகுவது ஏன் என்று ஆராய்ந்து, தலையை அகலமாக்கினால் திருகல் குறையும் என்று கண்டு, 1976இல் பெருந்தலை மட்டையை வெளியிட்டார். முதலில் நகைத்த உலகம் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தது. ஆடமாட்டாத ஒருவர் கூடம் கோணல் என்றார். கூடத்தையே நிமிர்த்தியும் காட்டினார்.

இனி எம் கருத்தைத் திறந்து சொல்வோம். கல்லூரிக்குக் கொடுக்கும் பழைய மாணவர் பெரும்பாலும் தாம் நேசித்ததையே கொடுக்கின்றனர். அது பேரன்பு. ஆயினும், தாம் நேசித்தது வேறு. பெறுபவனுக்கு ஏற்றது வேறு. கொடுப்போன் தன் இளமையை நினைக்கின்றான். பெறுவோனோ தன் இளமையை இப்பொழுதுதான் தொடங்குகின்றான். மட்டைக்கு மட்டுமன்றி, நூலகத்துக்கு அனுப்பும் நூலுக்கும், ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் கருவிக்கும் இது பொருந்தும். ஆதலின் மூன்று விண்ணப்பம் செய்கின்றோம். கொடுக்குமுன் எவ்வகுப்புப் பிள்ளை இதனை ஏந்தப்போகின்றான் என்று ஒரு வரி எழுதிக் கேட்டறிக. பழைய மட்டையைக் கொடுப்பதாயின், புதிய நரம்பு கட்டும் செலவையும் உடன் கொடுக்க. 50 இறாத்தல் அளவில் மென்னரம்பு கட்டிய பழைய மட்டை, இறுக்கிக் கட்டிய புதிய மட்டையினும் பிள்ளைக்கு நல்லது. பத்து மட்டை அனுப்பும் பொருளில் நான்கு இலேசான மட்டையும், ஆட்டமறிந்த ஒருவரின் சில மாதப் பயிற்சியும் கிடைக்குமாயின் பின்னதையே தேர்க.

மாணவர்க்கும் ஒரு சொல். மட்டை செத்தது என்று எறிந்துவிடாதீர். பந்து போகவில்லையா, மட்டை வரவில்லையா, கை உணரவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள். குறையைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவனுக்குப் பாதி மருந்து கிடைத்துவிட்டது. தோள் முற்றி வீச்சு நீண்டபின் அக்கனத்த மட்டையை மீண்டும் எடுத்துப் பாருங்கள். நடுவிற் பட்ட பந்தையும் விலகிப் பட்ட பந்தையும் அதைப்போல் ஒளிவின்றி எடுத்துச் சொல்லும் ஆசான் வேறில்லை.

உடனாசிரியர்க்கு நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை, எமக்கே சொல்லிக்கொள்கின்றோம். பழமொழி கையிற் கிடைத்த பிரம்பு போன்றது, எளிதாய் ஓங்கவரும். ஓங்குமுன் ஒருமுறை கூடத்தை அளந்து பார்த்தல் வேண்டும்.

அம்மாணவனைத் தேடிச் சென்றோம். எல்லோர் முன்னிலையிலும் நகைத்தமையால் எல்லோர் முன்னிலையிலுமே, “தம்பி, கூடம் கோணல்தான், பிழை எங்களுடையது” என்றோம். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, தலைகுனிந்து நின்றான். மறுவாரம் வந்தான். பெட்டியில் வந்த காபன் நார் மட்டைகளுக்குத் தளர்வாய் நரம்பு கட்டி மேல்வகுப்பு மாணவரிடம் கொடுத்தோம். மர மட்டைகள் இரண்டும், கொடுத்தவர் மனம் மகிழுமாறு, அழுத்துசட்டத்தோடு சுவரிலே தொங்குகின்றன. அவனுக்கு 270 கிராம் நிறையுள்ள மட்டையொன்று கிடைத்தது. அவன் பெருவீரன் ஆகிவிடவில்லை. இன்றும் பந்தில் ஒரு பாதி வலையிலே விழுகின்றது. ஆனால் விழுந்த பந்தைப் பார்த்து, “கால் முன்னால போகல சேர்” என்று தன் பிழையைத் தானே சொல்கின்றான். கருவியின் பிழையை நாம் ஒப்புக்கொண்ட பின்னரே தன் பிழையைப் பார்க்க அவனுக்கு மனம் வந்தது.

விழாக் காணும் நம் கல்லூரி மேன்மேலும் ஓங்குக. கொடுக்கும் கைகள் கொடுத்துக்கொண்டே இருக்குக. கொடுக்குமுன் பெறுவோன் தோளையும் ஒருமுறை நோக்குக.